கூடைக்குள் அடங்காத நீர்: பழைய பம்பாயில் மலம் அகற்றிய விதம்

ஒரு நகரத்தின் மலம் வீட்டை விட்டுப் போக இரண்டே வழிகள்தான். ஆள் சுமந்து போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அடித்துக்கொண்டு போக வேண்டும். சுமந்து போவது உலர்முறை. எடுப்புக் கக்கூஸ் என்று சொன்னால் நம்மூரில் வயதானவர்களுக்கு உடனே விளங்கும். அடித்துக்கொண்டு போவது நீர்வழி முறை, அதாவது பாதாளச் சாக்கடை. 19-ஆம் நூற்றாண்டுப் பம்பாய் முதல் முறையில் இருந்து இரண்டாவதுக்கு மாறக் கிளம்பியது. நூற்றாண்டு முடிந்தபோதும் பாதி வழியில்தான் நின்றது. துறைமுகமும் பஞ்சு வணிகமும் ஆலைகளுமாகப் பணம் புரண்ட ஊர் அது. அந்த ஊரே ஏன் தடுமாறியது என்று பார்த்தால் கழிவகற்றலின் அடிப்படைகள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். 1864-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை 8,16,562. தானியமும் பருப்பும் காய்கறியும் உண்ணும் ஒருவர் நாளுக்கு ஏறக்குறைய 250 கிராம் மலம் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர் 1.2 லிட்டர். கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர், ஒன்றரை லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஊர் முழுக்க ஒரு நாளைக்கு மலம் 204 டன், சிறுநீர் 980 டன், கழுவிய நீர் 1,225 டன். இது அக்காலப் பதிவேட்டில் இருந்து எடுத்ததல்ல, அளவு விளங்குவதற்காக நாம் போட்ட கணக்கு. குழந்தைகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஆனால் விகிதம் மாறாது: மொத்தத்தில் மலம் பன்னிரண்டில் ஒரு பங்குதான். குளித்த நீர், பாத்திரம் துலக்கிய நீர், துணி துவைத்த நீர் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

உலர்முறையின் கருவி கூடை. அது அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். மீதிப் பதினொரு பங்கு எங்கே போயிற்று என்பதுதான் பம்பாய்ச் சுகாதார வரலாற்றின் பெரும்பகுதி.

கக்கூஸும் அதன் சந்தும்

பம்பாய் உலர் கக்கூஸின் அமைப்பு எளிமையானது. வீட்டின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை. தரையில் ஒரு துளை, கால் வைக்க இருபுறமும் கல். துளைக்குக் கீழே ஒரு கூடை. கூடை இருக்கும் உள்ளறைக்கு வெளிப்பக்கம் ஒரு சிறு திறப்பு இருக்கும். கூடையை வைப்பவர் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, பின்பக்கமாகவே வந்து இழுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பின்பக்கம்தான் சந்து. இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகாக நிற்கும், நடுவில் ஓர் இடுக்கு. சில இடங்களில் ஓர் ஆள் உடலைத் திருப்பித்தான் நுழைய முடியும். வீட்டுச் சந்து என்பதற்கு 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் ஒரு விளக்கமே எழுதி வைத்தது. வடிகாலாகப் பயன்படவோ, கழிப்பறை, சிறுநீர் கழிக்கும் இடம், மலக்குழி போன்றவற்றைச் சுத்தம் செய்பவர்கள் போய்வரவோ ஒதுக்கிய நிலத்துண்டுதான் வீட்டுச் சந்து என்கிறது அந்தச் சட்டம். ஒரே இடுக்குக்கு இரண்டு வேலைகள்: ஆள் நடக்கும் வழியும் அதுவே, நீர் ஓடும் வழியும் அதுவே. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு விதை இதில் இருக்கிறது.

ஒரு மாடி வீடாக இருந்தவரை இந்த ஏற்பாடு ஒருவாறு நடந்தது. ஊர் நெருக்கமாகி, பல குடித்தனங்கள் நெருங்கி வாழும் ‘சால்’ என்ற வாடகைக் கட்டடங்கள் மூன்று நான்கு மாடிகளாக எழும்பியதும், மேல்மாடிக் கக்கூஸ்களின் கழிவு ஒரு செங்குத்துப் புழை வழியாகக் கீழே உள்ள கூடையில் விழும்படி கட்டினார்கள். நேரே விழுந்தால் பரவாயில்லை. புழை சற்றுச் சாய்ந்திருந்தாலும் மலம் சுவரில் ஒட்டும், காயும், மேலே மேலே படியும். அதைச் சுரண்ட உள்ளே யாரும் இறங்க முடியாது. கூடை ஒரு சாண் விலகியிருந்தால் விழுவது தரையில் விழும். நான்காம் மாடியில் இருந்து விழுவது கூடைக்குள்ளேயே விழுந்தாலும் சுற்றிலும் தெறிக்கும்.

கூடை என்பது மூங்கிற் கூடை. திடம் நிற்கும், நீர் ஒழுகும். ஒழுகிய நீர் உள்ளறைத் தரையில் தேங்கும், அங்கிருந்து சந்துக்கு வரும். சந்தின் தரை பெரும்பாலும் கல் பாவாத வெறும் மண். டாக்டர் ஆண்ட்ரூ லீத் 1864-ல் பம்பாய்த் தீவின் சுகாதார நிலை பற்றி எழுதிய அறிக்கையில் இந்தச் சந்துகளை விரிவாகவே விவரிக்கிறார். வீட்டுச் சுவர்களின் அடிப்பகுதியும் கடைக்காலும் இந்த ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருந்தன. அதே வரிசை வீடுகளில் குடிநீர்க் கிணறும் இருக்கும். சந்துக்கும் கிணற்றுக்கும் இடையே நிலத்தடியில் தடுப்பு எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் நடுவே சமையலறை நீரையும் குளித்த நீரையும் மாடியில் இருந்து அதே சந்தில்தான் ஊற்றுவார்கள். வீடுகளுக்குள் கழுவவும் குளிக்கவும் இருந்த மூலையைப் பம்பாயில் நஹானி என்பார்கள். நம்மூர் பிளம்பர்கள் குளியலறைத் தரையில் பதிக்கும் ‘நானி டிராப்’ அங்கிருந்து வந்ததுதான்.

அள்ளியவர்கள்

இந்த வேலையைச் செய்தவர்களைப் பம்பாயில் ஹலால்கோர்கள் என்று அழைத்தார்கள். பெரும்பாலோர் குஜராத், கத்தியவார் பகுதிகளில் இருந்து வந்த, சாதி அடுக்கின் கடைசியில் தள்ளப்பட்ட மக்கள். ஆண்கள், பெண்கள் இருபாலரும் செய்தார்கள். நகராட்சி நிர்வாகம் வலுப்படுவதற்கு முன்பு இது வீட்டுக்காரருக்கும் ஹலால்கோருக்கும் இடையே தனியாகப் பேசிக்கொண்ட ஏற்பாடுதான். கூலி தராத வீட்டில் கூடை நிரம்பி வழியும். வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த நாற்றம் எட்டாது.

1865-ஆம் ஆண்டுச் சட்டம் பம்பாய்க்கு ஒரு முனிசிபல் கமிஷனரையும் ஒரு சுகாதார அதிகாரியையும் தந்தது. முதல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்டு, சுகாதார அதிகாரி டாக்டர் ஹியூலெட். அதன் பிறகு படிப்படியாக ஹலால்கோர்கள் நகராட்சி ஊழியர்கள் ஆனார்கள். செலவை ஈடுகட்ட ஹலால்கோர் வரி என்ற பெயரிலேயே ஒரு வரி வந்தது. 1888-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சொத்து வரியின் ஒரு பிரிவாக அது நீடித்தது.

ஒரு சந்தில் வேலை நடக்கும் முறை இப்படி. சந்தின் வாயில் வரைதான் மாட்டு வண்டி வரும், உள்ளே நுழையாது. ஹலால்கோர் ஒரு சுமைக்கூடையும் ஓர் இரும்புச் சுரண்டியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். திறப்பின் வழியாகக் கக்கூஸ் கூடையை இழுப்பார், சுமைக்கூடையில் கவிழ்ப்பார், சிந்தியதைச் சுரண்டி எடுப்பார், கூடையைத் திரும்பத் துளைக்கு நேராக வைப்பார். சுமைக்கூடை நிறைந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு வண்டி வரை நடப்பார். நூறு பேர் குடியிருக்கும் சாலில் மலம் மட்டும் 25 கிலோ, கூடையில் தங்கிய நீரோடு சேர்த்தால் அதைவிட நன்றாகவே கூடும். ஒருவர் தலையில் 20 கிலோ தூக்குவார் என்றால் அந்த ஒரு வீட்டுக்கே இரண்டு மூன்று நடை. கூடை ஒழுகும். தலைச்சுமை என்றால் எது முகத்தில் வழியும் என்று எழுதத் தேவையில்லை.

நூறு பேர் கால் கழுவிய 150 லிட்டர் நீரை யாரும் சுமக்கவில்லை. அதைச் சுமப்பதானால் மேலும் ஏழெட்டு நடை ஆகும், ஆள் செலவு பல மடங்காகும். ஒரு நாள் ஆள் வராவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கூடைக்கு அடுத்த நாள் வரை தாங்கும் கொள்ளளவு இல்லை. அதனால்தான் ஹலால்கோர்கள் வேலையை விட்டுப் போவதைக் கண்டு நிர்வாகம் எப்போதும் அஞ்சியது. 1890-ல் பம்பாய் முனிசிபல் ஊழியர் சட்டம் வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்துவதை அது குற்றமாக்கியது. ஒரு துறைமுக நகரத்தின் நாடி தங்கள் கையில் இருந்தது ஹலால்கோர்களுக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். கூலியை உயர்த்தி ஆளை நிறுத்திவைப்பதைவிடச் சட்டம் போட்டு நிறுத்திவைப்பது மலிவு என்று நினைத்தார்கள் போலும்.

அள்ளியதை எங்கே கொட்டுவது

வண்டி நிறைந்துவிட்டது, அடுத்து எங்கே? நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பதில் கடல்தான். பந்தர் எனப்படும் படகுத்துறைகளுக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றி வெளியே கொட்டுவது ஏற்பாடு. கடல் வற்றியிருக்கும்போது படகு கரைக்கு வராது. காத்திருக்கப் பொறுமையில்லாத சுமை கரைச் சேற்றிலேயே விழும், அடுத்த ஓதம், அதாவது கடல் ஏற்றம், அதைத் துறைமுகத்துக்குள் பரப்பும். பிற்பாடு மலக் கிடங்குகள் அமைத்து, அங்கே வண்டிகளைக் கவிழ்த்து, நீர் விட்டுப் பெரிய சாக்கடைக்குள் தள்ளும் வழக்கம் வந்தது.

எருவாக விற்றிருக்கலாமே என்று கேட்கலாம். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான் நடந்தது. சீனத் தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், குத்தகைதாரர்கள் போட்டி போட்டார்கள், அகற்றும் செலவின் ஒரு பகுதி தானாகவே திரும்பி வந்தது. பம்பாயில் வாங்க ஆளில்லை. ஊர் ஒரு தீவு, பக்கத்திலேயே பெரிய விளைநிலம் கிடையாது. மனித மலத்தைக் கையாளுவதில் இங்குள்ள உழவர்களுக்கு இருந்த சாதித் தயக்கம் இன்னொரு தடை. விலை போகாத சரக்கு என்பதால் முழுச் செலவும் வரியில் இருந்தே வர வேண்டியிருந்தது.

இன்னொரு யோசனை உலர்மண் கக்கூஸ். ஹென்றி மூல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1860-ல் காப்புரிமை பெற்ற முறை அது. ஒவ்வொரு முறையும் மலத்தின் மேல் ஏறக்குறைய 700 கிராம் உலர்ந்த, சலித்த மண்ணைப் போட வேண்டும். மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றம் அடங்கும், சில வாரங்களில் மக்கிவிடும். மண்ணுக்கும் ஆளுக்கும் குறைவில்லாத, கட்டளைக்குக் கீழ்ப்படியும் கூட்டம் உள்ள சிறைகளிலும் படைமுகாம்களிலும் இந்தியாவில் இது நன்றாகவே ஓடியது. நகரத்துக்கு ஏன் ஒத்துவரவில்லை? எட்டு லட்சம் பேர், தலைக்கு 700 கிராம் என்றால் தினமும் 570 டன் உலர்மண். அதை வெட்டி, காயவைத்து, சலித்து, மாடி மாடியாக ஏற்றி, பிறகு மலத்தோடு சேர்த்து இறக்க வேண்டும். அகற்ற வேண்டிய எடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் உலர்ந்த மண்ணை எங்கே தேடுவது? கால் கழுவும் சொம்புத் தண்ணீர் அந்த மண்ணில் விழுந்தால் அது சேறு. இங்கிலாந்துக்காரர் காகிதம் பயன்படுத்துவதை அடிப்படையாக வைத்த கருவி தண்ணீர் பயன்படுத்தும் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

குழாய்த் தண்ணீர் வந்தது

பம்பாயின் சிக்கலைத் தீவிரமாக்கியது ஒரு நல்ல காரியம். 1854-ன் வறட்சிக்குப் பிறகு பொறியாளர் ஹென்றி கோனிபேர் வகுத்த விகார் ஏரித் திட்டம் 1860-ல் முடிந்து, குழாய் வழியாக நகருக்குத் தண்ணீர் வந்தது. நாளுக்கு 32 மில்லியன் லிட்டர். 1864-ன் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 39 லிட்டர் வருகிறது. 1879-ல் துளசி ஏரி 18 மில்லியன் லிட்டர் சேர்த்தது. 1892-ல் தான்சா 77 மில்லியன் லிட்டர் சேர்த்தது. மூன்றும் சேர்ந்து 127. 1891-ல் மக்கள்தொகை 8,21,764. தலைக்கு ஏறக்குறைய 155 லிட்டர்.

முப்பது ஆண்டுகளில் ஊருக்குள் வரும் நீர் நான்கு மடங்கானது. உள்ளே வந்த நீர் வெளியேறித்தான் ஆக வேண்டும். குடித்தது, ஆவியானது போக முக்கால் பங்குக்கு மேல் அழுக்கு நீராகத் திரும்பும். கிணற்றில் இருந்து இறைத்துச் சுமந்த காலத்தில் மக்கள் அளந்துதான் புழங்கினார்கள். குழாய் வந்ததும் அந்தச் சிக்கனம் போயிற்று. சந்துகள் நிரந்தரமாக நனைந்தன. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. தொட்டியை நிரப்பும் குழாயைப் போட்டுவிட்டு வடிகுழாயை மறந்த கதை. குடிநீர்த் திட்டத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், சாக்கடைத் திட்டத்துக்கு வரி எதிர்ப்புதான் கிடைக்கும். முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைத் தள்ளிப்போடுவது எல்லா நகராட்சிகளுக்கும் உள்ள வியாதி.

சாக்கடையே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய நகரத்தின் நடுவில் இருந்து கமாட்டிபுரா வழியாக மேற்கே வோர்லிக்கு அருகே லவ் குரோவ் என்ற இடம் வரை ‘மெயின் டிரெய்ன்’ என்ற முதன்மை வடிகால் ஓடியது. மழைநீருக்காகத் தோன்றிய திறந்த ஓடை அது. பிறகு பகுதி பகுதியாக மூடப்பட்டது. மனிதக் கழிவும் அதில்தான் போய்ச் சேர்ந்தது. அது ஏன் வேலை செய்யவில்லை என்பதை விளக்க இரண்டு அடிப்படைகள் தெரிய வேண்டும்: வாட்டம் என்ற சரிவு, ஓதம் என்ற கடல் ஏற்ற இறக்கம்.

கழிவுநீர் தன் எடையிலேயே ஓட வேண்டுமானால் குழாய்க்கு வாட்டம் வேண்டும் என்பது கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு வாட்டம்? நீர் நொடிக்கு 60 முதல் 75 சென்டிமீட்டராவது நகர வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மணலும் மலமும் அடியில் படியத் தொடங்கும். சிறிய குழாய்க்கு அதிக வாட்டம் தேவை. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி, 6 அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓர் அடி, 9 அங்குலத்துக்கு 90 அடிக்கு ஓர் அடி என்பது பழைய கைவிதி. பெரிய சாக்கடைக்கு 2,000 அடிக்கு ஓர் அடிகூடப் போதும், ஆனால் நிறைய நீர் ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த வாட்டம் கொடுத்தாலே கடைசி முனை தொடக்கத்தைவிட இரண்டரை மீட்டர் கீழே இருக்கும். வீட்டுக் குழாய் சேருவதற்காகத் தொடக்க முனையை நிலத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே வைத்திருந்தால் கடைசி முனை நான்கு மீட்டர் ஆழம்.

இப்போது பம்பாயின் நிலத்தைப் பாருங்கள். ஏழு தீவுகளுக்கு நடுவே கடல் புகுந்த சதுப்பை மூடி உண்டாக்கிய தரை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்ன்பி அணை கடலைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் உள்ளே இருந்த பள்ளம் பள்ளமாகவே கிடந்தது. பைகுல்லாவை ஒட்டிய ‘ஃபிளாட்ஸ்’ என்ற அந்தத் தாழ்நிலம் ஓதம் உயரும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும். பெரிய ஓதத்தில் பம்பாய்க் கடல் ஏறி இறங்குவது நான்கு மீட்டருக்கு மேல். ஆக, ‘மெயின் டிரெய்ன்’ கடலில் முடியும் இடத்தில் மதகு வைக்க வேண்டும். கடல் வற்றும்போது திறக்க வேண்டும், ஏறும்போது அடைக்க வேண்டும்.

அடைத்திருக்கும் நேரம் முழுவதும் சாக்கடைக்குள் ஓட்டம் இல்லை. நின்ற நீரில் படிவு உருவாகும். மதகைத் திறந்த பிறகு வரும் ஓட்டம் மேல்நீரைக் கொண்டுபோகும். படிந்து இறுகியதை அசைக்கும் வேகம் அதற்கு இல்லை, ஏனென்றால் வாட்டம் குறைவு. ஒரு நாளில் இரண்டு முறை இப்படி. ஆண்டுகள் போகப் போகச் சாக்கடையின் உட்பரப்பு சுருங்கியது. ஆட்கள் இறங்கி வெட்டித்தான் எடுத்தார்கள். அழுகும் வண்டலில் இருந்து கிளம்பும் கந்தக வாயு நாற்றத்தைத் தாண்டிய ஆபத்து. அடர்த்தி கூடினால் முதலில் மூக்கை மரக்க வைக்கும், பிறகு ஆளைச் சாய்க்கும். மேன்ஹோலில் இறங்கியவர்கள் இன்றும் சாவது பெரும்பாலும் இதே வாயுவால்தான்.

மழைக்காலம் வந்தால் கணக்கே வேறு. ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் கொட்டுவது அங்கே அதிசயமில்லை. மழையும் பெரிய ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் மதகைத் திறக்க முடியாது, உள்ளே வரும் நீருக்குப் போக்கிடம் இல்லை. அது பின்னோக்கி எழும்பி ஃபிளாட்ஸை நிரப்பும், சந்துகளை நிரப்பும், கக்கூஸ் உள்ளறைக்குள் புகுந்து கூடையில் இருப்பதை மிதக்க வைக்கும். வீட்டு வாசலில் மிதப்பது என்ன என்று யாருக்கும் சந்தேகம் இருக்காது.

1860-களில் தொடங்கிய புதிய சாக்கடைத் திட்டங்கள் கழிவை எங்கே வெளியேற்றுவது என்ற சண்டையில் நின்றன. துறைமுகப் பக்கம் விட்டால் கப்பல்களுக்கு நடுவே மிதக்கும். மேற்கே விட்டால் காற்று அதைக் கரைக்கே தள்ளிவரும் என்றது எதிர்த்தரப்பு. 1865-ல் பஞ்சு விலை சரிந்து நகரமே கடனில் விழுந்ததும் பணமும் இல்லாமல் போயிற்று. நகராட்சியின் பொறியாளராக இருந்த ஹெக்டர் டுல்லக் 1872-ல் பம்பாய் வடிகால் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். இவர் நமக்கும் வேண்டியவர்தான்: 1865-ல் சென்னை நகரத்தின் வடிகாலுக்கான திட்ட அறிக்கையை எழுதியவரும் இவரே.

தீர்வின் கூறுகள் பொறியாளர்களுக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்தவை. மழைநீருக்குத் தனி வடிகால், கழிவுக்குத் தனிச் சாக்கடை. இரண்டையும் ஒன்றாக்கினால் மழைக்காலத்துக்கு ஏற்ற அகலம் வைக்க வேண்டும், கோடையில் அதன் அடியில் ஒரு விரல் நீர் ஓடும், படிந்துவிடும். சாக்கடையின் குறுக்குவெட்டு முட்டை வடிவில், கூர்முனை கீழே இருக்க வேண்டும். உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. நீர் குறைந்தாலும் குறுகிய அடிப்பகுதியில் ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். வீட்டு இணைப்பில் நீரடைப்புள்ள டிராப், அதாவது எப்போதும் சிறிது நீர் தங்கி வாயுவை அடைக்கும் வளைவு, வேண்டும், இல்லையேல் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி முனையில் பம்பு வேண்டும். ஓதத்தைக் கேட்காமல் கழிவை மேலே தூக்கிக் கடலில் தள்ளும் நீராவி எந்திரம் இல்லாமல் இந்த நிலத்தில் எதுவும் நடக்காது. லவ் குரோவில் அந்தப் பம்பிங் ஸ்டேஷன் 1880-களில்தான் வந்தது.

அதற்குப் பிறகும் கூடை போகவில்லை. தெருவில் சாக்கடை போடுவது நகராட்சியின் செலவு, வீட்டை அதோடு இணைப்பது வீட்டுக்காரரின் செலவு. வாடகைக்கு விட்டவர் ஏன் செலவழிப்பார்? ஆகவே ஒரு கலப்பு முறை நிலைத்தது. சந்துக்குக் கல் பாவி, நடுவில் வாய்க்கால் இட்டு, அதன் முனையை டிராப் வைத்துச் சாக்கடையில் சேர்த்தார்கள். நீர் அதன் வழியே போயிற்று, மலத்தை ஹலால்கோர் எடுத்தார். பார்க்க அரைகுறையாகத் தெரிந்தாலும் லீத் பார்த்த சேற்றுச் சந்தைவிட இது பெரிய முன்னேற்றம்தான். அந்தப் பதினொரு பங்கு நீருக்குக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. குறை எங்கே என்றால், குடியிருப்பவர் வாய்க்காலில் குப்பையைப் போட்டால் டிராப் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் சந்து மறுபடி பழைய சந்துதான்.

1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் தலைகாட்டியது. டாக்டர் அகாசியோ வியேகாஸ் அதை அடையாளம் கண்டார். நோய் அழுக்கின் ஆவியில் இருந்தும் சாக்கடைக் காற்றில் இருந்தும் வருகிறது என்ற நம்பிக்கை அப்போதும் வலுவாக இருந்ததால், கமிஷனர் ஸ்னோவின் ஆட்கள் சாக்கடைகளைக் கடல்நீராலும் கார்பாலிக் அமிலத்தாலும் கழுவினார்கள். எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தது 1898-ல்தான். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஹலால்கோர்களும் ஓடிவிட்டால் நகரம் சில நாட்களில் குடியிருக்க லாயக்கற்றதாகிவிடும் என்பதே ஸ்னோவின் பெருங்கவலை. நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு இழுக்கும் உத்தரவை நிர்வாகம் தளர்த்தியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கூடைக் கக்கூஸ்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தன. லவ் குரோவ் இன்றும் பம்பிங் ஸ்டேஷன்தான். ஓதம் கழிவைத் திருப்பிக் கொண்டுவராதபடி, வோர்லியில் இருந்து கடலடியில் 3.4 கிலோமீட்டர் தூரத்துக்குக் குடைந்த சுரங்கக் குழாய் வழியாக இப்போது அது வெளியே போகிறது.